மேஸ்திரி பதில்கள்: பழைய சிமெண்ட் திண்ணை

போன இதழில் "வீட்டு முன்பக்கத் தரையைப் பற்றிக் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "பழைய தரைக்கு மேலே என்ன போடலாம்?" 1982-ல் சித்தாளாகச் சட்டி தூக்க ஆரம்பித்தவன் நான். அப்புறம் கரண்டி பிடித்தது முப்பத்தைந்து வருடம். தானாகக் கெட்ட தரையைப் பெயர்த்ததைவிட, மேலே எதையாவது போட்டுக் கெடுத்த தரையைப் பெயர்த்ததுதான் அதிகம். பதில்களில் கொஞ்சம் சிடுசிடுப்பு தெரிந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: எங்கள் தாத்தா 1963-ல் கட்டிய வீடு. வாசல் திண்ணை 22 அடி நீளம், 6 அடி அகலம், சிவப்பு சிமெண்ட் தரை. நான் சிறுமியாக இருந்தபோது குனிந்தால் முகம் தெரியும். இப்போது நிறம் மங்கி, கருப்புத் திட்டுகளாக இருக்கிறது. தூண் ஓரம் இரண்டு இடத்தில் பெயர்ந்துவிட்டது. ஒரு காண்ட்ராக்டர் மேலேயே டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார். இன்னொருவர் மெஷின் பாலிஷ் போடலாம் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி எபாக்ஸி என்கிற பிசின் பூச்சு போடச் சொல்கிறான். யார் பேச்சைக் கேட்பது? (வாசகி, மன்னார்குடி)

மூன்று பேர் பேச்சையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் அம்மா. மத்தியானம் தெரு அடங்கின நேரத்தில் ஒரு சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, மரக் கைப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். சாணுக்கு ஒரு தட்டு. நல்ல இடத்தில் கெட்டியாக 'டிக்' என்று கேட்கும். மேல்பூச்சு அடித்தளத்தை விட்டுப் பிரிந்த இடத்தில், காலிப் பானையைத் தட்டினாற்போல 'டொப்' என்று கேட்கும். அப்படிக் கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். உங்கள் திண்ணை 132 சதுர அடி. வட்டங்கள் எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து சதுர அடிக்குள் வந்தால் தரை பிழைத்துக்கொண்டது. பாதிக்கு மேல் டொப்பென்றால் மட்டும்தான் பெயர்ப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

மெஷின் பாலிஷ் ஏன் கூடாது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தப்பை ஊர் ஊராகச் செய்கிறார்கள். சிவப்புத் தரை அடியிலிருந்து உச்சி வரை சிவப்பு இல்லை. கீழே ஜல்லி, அதன் மேல் சாதாரணச் சாந்து, உச்சியில் மட்டும் காவி கலந்த சிமெண்ட். அந்தச் சிவப்பின் கனம் இரண்டு ஒரு ரூபாய்க் காசை அடுக்கினால் வருகிற அளவுதான். மொசைக் தரையில் கல் சில்லுகள் அடுக்கு முழுக்க இருக்கும், தேய்க்கத் தேய்க்கப் புதுக் கல் வரும். அந்த மெஷினையே சிவப்புத் தரையில் ஓட்டினால்? தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் நான் போய்ச் சேருவதற்குள் ஓட்டியிருந்தார்கள். வாசல் சாக்கடையில் தக்காளிச் சாறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது வருடத்துச் சிவப்பு அரை மணி நேரத்தில் தெருவுக்குப் போய், உள்ளே நரை விழுந்த தரை நின்றது. அந்த வீட்டு ஆச்சி ஒன்றும் பேசவில்லை, நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உங்கள் தரையில் தெரிகிற கருப்பு, தரையின் கருப்பு இல்லை. வருடக்கணக்கில் தடவின எண்ணெய், மெழுகு பாலிஷ், அதில் ஒட்டின கால் அழுக்கு. ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கைப்பிடி வாஷிங் சோடா போட்டுக் கரையுங்கள். கையில் ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடமாக ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, தேங்காய் நாரால் வட்ட வட்டமாகத் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டு வழித்து எடுங்கள். இரும்பு நார் வேண்டாம், கீறும், உதிரும் துகள் துருப்பிடித்துப் புள்ளி விழும். முதல் தடவையில் பாதிக் கருப்புதான் போகும். மறுநாள் இன்னொரு தடவை. அதற்கு மேல் போகாததை விட்டுவிடுங்கள், அறுபது வருடத் தரைக்கு அந்த அளவு கருப்பு அழகுதான்.

யாராவது "ஆசிட் ஊற்றினால் ஒரே நிமிடம்" என்பார்கள். உண்மைதான், ஒரே நிமிடம். ஆசிட் அழுக்கை மட்டும் தின்பதில்லை, சிமெண்டையும் தின்னும். காவியைப் பிடித்து வைத்திருப்பதே அந்த சிமெண்ட்தான். ஒரு தடவை ஆசிட் பட்ட இடம் சொரசொரவென்று ஆகி, பிறகு எவ்வளவு எண்ணெய் தடவினாலும் முகம் காட்டாது. இன்னொன்று, பாசிக்காக ப்ளீச்சிங் பவுடர் போட்ட தரையில் ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், ஆளையே சாய்த்துவிடும்.

இனி பெயர்ந்த இடம். ஓரத்தை உளியால் நேர்கோடாக வெட்டி, சதுரமாக ஆக்கச் சொல்லுங்கள். ஓட்டை இருக்கிற வடிவத்திலேயே அப்பினால் ஓரம் பிஸ்கட் மாதிரி மெலிந்து, ஆறு மாதத்தில் பொருக்கு விடும். அடியைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசியைப் பிரஷ்ஷால் எடுத்து, முதல் நாள் ராத்திரியே தண்ணீர் விட்டு ஊறவைக்க வேண்டும். காலையில் தேங்கின தண்ணீரைத் துடைத்துவிட்டு, தண்ணீரில் கரைத்த சிமெண்ட் பாலைத் தேய்த்து, அது காய்வதற்குள் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்த சாந்து. அதன் மேல் காவிப் பூச்சு. இரண்டடிச் சதுரம் ஒன்றுக்கு இரண்டு கிலோ சிமெண்ட், சலித்த நைஸ் மணல் கொஞ்சம், 200 கிராம் காவி போதும். பத்து கிலோ சிமெண்டுக்கு ஒரு கிலோ காவிக்கு மேல் போனால் நிறம் கூடாது, பலம்தான் குறையும். காவியையும் சிமெண்டையும் தண்ணீர் படாமல் கலந்து, இரண்டு தடவை சலித்தால்தான் நிறம் ஒன்றுபோல வரும். அவசரக்காரக் கொத்தனார் சட்டியிலேயே கலக்குவார், அப்புறம் தரையில் புலிக்கோடு தெரியும்.

மணியாஸ் கட்டையால் (பிடி வைத்த மரப் பலகை) சமன் செய்தபின் இரும்புக் கரண்டியை எப்போது எடுப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். ரேகை பதியணும், விரலில் சாந்து ஒட்டக் கூடாது. அந்த நேரம். அதற்கு முன்னால் கரண்டி போட்டால் தண்ணீர் மேலே வந்து தரை வெடிப்பு விடும். பிந்தினால் கரண்டி கருப்பாக இழுக்கும். சீக்கிரம் இறுக வேண்டும் என்று மேலே சிமெண்ட் தூள் தூவ வருபவரின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். மறுநாளிலிருந்து ஏழு நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்க வேண்டும்.

ஒட்டுப்போட்ட இடம் பழைய நிறத்தோடு சேராது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது. ஒரு செங்கல்லின் முகத்தில் மூன்று விதக் கலவையைப் பூசி, பத்து நாள் காயவிட்டு, திண்ணையில் வைத்துப் பார்த்து, அதில் கிட்டத்தட்ட இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஈரத்தில் எல்லாமே ஒரே சிவப்பாகத்தான் தெரியும்.

ஒரு மாதம் கழித்து முழுத் திண்ணைக்கும் தேங்காய் எண்ணெய். பழைய வேட்டித் துணியில் தொட்டு, மிக மெல்லிசாக. அரை மணி நேரம் கழித்துக் காய்ந்த துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தெருப்புழுதி எல்லாம் உங்கள் வீட்டில்தான் வந்து உட்காரும். என் அம்மா பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை செய்வார். எண்ணெய் பிடிக்கவில்லை என்றால் மெழுகு பாலிஷ் போடலாம். ஆளிவிதை எண்ணெய் உபயோகித்தால் மட்டும் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.

தம்பியிடம் சொல்லுங்கள்: வெயில் படுகிற இடத்தில் எபாக்ஸி மஞ்சளாகும். அடியில் ஈரம் இருந்தால் கொப்பளம் விடும். உங்கள் வீட்டுக்கு அடியில் 1963-ல் பிளாஸ்டிக் ஷீட் போட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: திண்ணைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் போட ஆசை. பழைய தரை மேலேயே ஒட்டமுடியுமா? (வாசகர், திருச்சி)

எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சரக்கு, பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலேயே ஒட்டுகிற சரக்கு இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது அது. சூளைக்கே போவதில்லை. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் டைல்ஸின் பளபளப்பு. கனமான சாமான், அடியில் சாந்துப் படுக்கையும் வேண்டும், எல்லாம் சேர்ந்தால் தரை இரண்டு அங்குலம் ஏறும். பழையதைப் பெயர்த்துவிட்டுப் போடுவதாக இருந்தால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் சாரல் அடிக்காத உள்திண்ணைக்கு. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கிற படிக்கட்டுப் பக்கத்துக்குக் கருங்கல் போட்டுவிடுங்கள். போட்டு முடித்தபின் சிமெண்ட் கறை போக ஆசிட் விடுவதாக யாராவது சொன்னால், அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: போர்ட்டிகோ தரை சாதா சிமெண்ட், 15 வருடம் ஆகிறது. தினம் பெருக்கினாலும் மாவு மாதிரித் தூள் வருகிறது. கார் நிற்கும் இடத்தில் ஆயில் கறை. ஃப்ளோர் பெயின்ட் அடித்தால் இரண்டுமே மறைந்துவிடும் என்று பெயின்ட் கடையில் சொன்னார்கள். (வாசகர், கோவை)

மறையும். அடுத்த மழைக்காலம் வரைக்கும்.

இதில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். 2004-ல் என் மைத்துனர் வீட்டு போர்ட்டிகோவுக்கு நானே முன்னே நின்று பச்சைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். இரண்டு கோட். கோயில் குளம் மாதிரி ஜொலித்தது. சித்திரை வெயிலில் ஊர் சுற்றிவிட்டுச் சுடச்சுட வந்து நின்ற கார், மறுநாள் காலையில் கிளம்பியபோது, டயர் நின்ற நாலு இடத்திலும் பெயின்ட் அப்பளமாகப் பெயர்ந்து ரப்பரோடு போயிற்று. அந்த நாலு சதுரங்களைக் காட்டாமல் மைத்துனர் இன்றுவரை எனக்குக் காப்பி கொடுப்பதில்லை. கோளாறு பெயின்ட்டில் இல்லை. அந்தத் தரையும் உங்கள் தரை மாதிரி மாவு விடுகிற தரை. நான் தரையின் மேல் அடிக்கவில்லை, மாவின் மேல் அடித்திருக்கிறேன்.

மாவு வரக் காரணம், போட்ட அன்று கலவையில் தண்ணீர் அதிகம், அதன் பிறகு ஊற்ற வேண்டிய தண்ணீர் குறைவு. இதற்கு சோடியம் சிலிக்கேட் என்று ஒன்று இருக்கிறது, கெமிக்கல் கடையில் வாட்டர் கிளாஸ் என்றும் சொல்வார்கள். சிமெண்டுக்குள் மிச்சம் இருக்கிற சுண்ணாம்போடு சேர்ந்து கெட்டியாகி, துளைகளை அடைக்கும். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, கழுவிக் காய்ந்த தரையில் பிரஷ்ஷால் தடவுங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று தடவை. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். கார்க் கண்ணாடியிலோ ஜன்னலிலோ தெறித்தால் உடனே துடையுங்கள், காய்ந்தால் வெள்ளையாக நின்றுவிடும். இது தரையைப் பளபளப்பாக்காது. மாவு நிற்கும், துடைப்பம் ஓயும்.

ஆனால் முதலில் ஆயிலை எடுத்தாக வேண்டும், எண்ணெய் இருக்கும் இடத்தில் எதுவும் உள்ளே இறங்காது. புதுக் கறை என்றால் மரத்தூளைக் கொட்டி ஒரு ராத்திரி விடுங்கள். பழைய கறைக்கு, சோப்புத் தூள் கரைசலில் சுண்ணாம்புப் பொடியைக் களி மாதிரிக் குழைத்து, அரை அங்குலம் அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு ஒரு நாள் மூடுங்கள். பிறகு தாளை எடுத்து, களி காய்ந்து வெடித்ததும் சுரண்டி எடுங்கள். உறிஞ்சின ஆயிலோடு வரும். இரண்டு மூன்று தடவை ஆகும். நிழல் மாதிரி ஒரு அடையாளம் மிஞ்சும், அதற்கு மேல் நேரே கார் நிற்கப் போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள்?

கேள்வி: தரையில் வருடாவருடம் மழைக்குப் பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கிறது. கழுவினால் போய்விடுகிறது, காய்ந்ததும் மறுபடி வருகிறது. துளைகளை அடைக்கிற சீலர் அடிக்கலாமா? (வாசகி, நாகப்பட்டினம்)

கழுவுவதால்தான் மறுபடி வருகிறது. உப்பு தண்ணீரில் கரைந்து உள்ளே போய், காயும்போது திரும்ப மேலே ஏறும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள்.

ஓதம் அடியிலிருந்து ஏறுகிறதா, மேலே விழுந்த மழைத் தண்ணீர்தானா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரத்தில் கெட்டிப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை மழை இல்லாத நாளில் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். அடியில் வேர்த்திருந்தாலோ, தரை கருத்திருந்தாலோ ஈரம் கீழே இருந்து வருகிறது. அப்படி இருந்தால் சீலரும் பெயின்ட்டும் அடிக்காதீர்கள். மூடிய பானைக்குள் நீராவி மாதிரி, எங்காவது ஓரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். திண்ணையைச் சுற்றி மண் தரைமட்டத்துக்கு ஏறியிருந்தால் வெட்டித் தாழ்த்துங்கள். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் கால்வாய் எடுத்துத் தெருப் பக்கம் திருப்புங்கள். முக்கால்வாசி வீடுகளில் இதற்கு மண்வெட்டிதான் மருந்து.

கேள்வி: சுவரும் போர்ட்டிகோ தரையும் சேரும் இடத்தில் நீள வெடிப்பு. வருடாவருடம் ஒயிட் சிமெண்ட் வைத்து அடைக்கிறேன், வருடாவருடம் திறந்துகொள்கிறது. வீட்டுக்கு ஆபத்தா? (வாசகர், கோவில்பட்டி)

ஊர்ப் பெயரைப் படித்ததுமே பாதி பதில் கிடைத்துவிட்டது. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். உங்கள் சுவர் ஆழமான அஸ்திவாரத்தில் நிற்கிறது, போர்ட்டிகோ தரை நிரப்பின மண்ணின் மேல் படுத்திருக்கிறது. மண் மூச்சு விடும்போது தரை ஏறி இறங்கும், சுவர் அசையாது. இரண்டும் பிரிந்து நிற்க வேண்டிய இடத்தில்தான் பிரிந்திருக்கிறது. சுவரிலேயே மூலைவாட்டில் வெடிப்பு ஏறினால், அப்போது என்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

ஐப்பசியில் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை, வெடிப்புக்கு இருபுறமும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அகலத்தை அளந்து தேதியோடு சுவரிலேயே எழுதி வையுங்கள். கூடிக் குறைந்துகொண்டே இருந்தால் அது உயிருள்ள வெடிப்பு. அதற்கு சிமெண்ட் ஆகாது, ரப்பர் மாதிரி இழுபடுகிற சாமான் வேண்டும். அரை அங்குல அகலத்துக்கு கட்டர் வைத்து நேராக வெட்டி, தூசியை ஊதி எடுத்து, உள்ளே நுரைக் கயிற்றைத் திணித்து, மேலே பாலியூரிதேன் சீலண்ட் கால் அங்குல ஆழத்துக்கு. கயிறு எதற்கு என்று கேட்பார்கள். சீலண்ட் இரண்டு பக்கமும் மட்டும்தான் ஒட்ட வேண்டும், அடியிலும் ஒட்டினால் இழுபட முடியாமல் கிழியும். இந்தக் கயிற்றை மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிட்டு, அப்புறம் "சீலண்ட் சரியில்லை" என்கிறவர்கள் நிறையப் பேர். கட்டர் ஓடும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், தண்ணீர் தெளித்துக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது, எங்கள் ஆட்கள் பலர் இருமுவது பீடியால் மட்டும் இல்லை.

அப்படியே, அந்த ஓரத்தில் வாழையோ, மாடித் தண்ணீர்க் குழாயோ இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. முன்வாசல் சிமெண்ட் தரை குண்டும் குழியுமாக இருப்பதால் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று இருக்கிறோம். நல்ல பளபளப்பான விட்ரிஃபைட் பார்த்து வைத்திருக்கிறோம். (வாசகர், சென்னை)

பளபளப்பை உள்ளே ஹாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் மழைச் சாரல், செருப்பு மண், 78 வயது. சொரசொரப்பான மேட் டைல்ஸ்தான். கடையில் ஒரு டைல்ஸ் மேல் தண்ணீர் ஊற்றி, ஈரக் காலால் நின்று பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

உங்கள் விஷயத்தில் மேலேயே ஒட்டுவது தப்பில்லை, தட்டிப் பார்த்து டொப் இல்லாமல் இருந்தால். ஆனால் ஒரு கணக்கு போட வேண்டும். டைல்ஸும் பசையும் சேர்ந்து முக்கால் அங்குலத்தை நெருங்கும். வாசல் தரை அந்த அளவு ஏறினால், தெருவிலிருந்து ஏறுகிற கடைசிப் படி அந்த அளவு உயரமாகும், வாசலிலிருந்து நிலைப்படிக்கு ஏறுகிற படி அந்த அளவு குட்டையாகும். வீட்டில் வருடக்கணக்காக ஏறி இறங்குகிறவர்களுக்குக் கால்தான் கண். கால் எதிர்பார்த்த உயரம் இல்லாவிட்டால் தடுக்கும். அதனால் படிகளுக்கும் சேர்த்து ஒட்டி, எல்லாப் படியும் ஒரே உயரம் வருகிற மாதிரிப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் படி கொஞ்சம் உயர்ந்தால் அங்கே ஒரு கைப்பிடிக் குழாய் வையுங்கள். இரும்புக் கதவு தரையில் உரசுமா என்றும் இப்போதே அடியில் ஒரு டைல்ஸை நுழைத்துப் பார்த்துவிடுங்கள்.

வாட்டம் முக்கியம். பத்தடிக்கு ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் தெருப் பக்கம் சரிய வேண்டும். குழிகளை முதலில் சாந்தால் அடைத்து வாட்டத்தைச் சரிசெய்துவிட்டு அதன் பிறகு டைல்ஸ். பசையிலேயே குழியை நிரப்பிக்கொண்டு போகிறவர் வேகமாக முடிப்பார், பசை அமுங்கி அமுங்கி டைல்ஸ் ஏறி இறங்கி நிற்கும். விட்ரிஃபைட் ஓட்டுக்கு சிமெண்ட் பால் ஒட்டாது, அது தண்ணீரே குடிக்காத சாமான். டைல்ஸ் பசை மூட்டைதான் வாங்க வேண்டும், சீப்புக் கரண்டியால் முழுக்க இழுக்க வேண்டும். நாலு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை வைத்து ஒட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த டைல்ஸின் மூலையில் சிலிண்டர் ஒன்று டொம்மென்று இறங்கட்டும், தெரியும்.

கேள்வி: திண்ணை ஒட்டுப்போட்டால் எத்தனை நாள் மிதிக்காமல் இருக்க வேண்டும்? வீட்டில் நாய் இருக்கிறது. (வாசகர், சிவகங்கை)

ஆள் மெதுவாக நடக்க இரண்டு நாள். பெஞ்சு, பைக் என்றால் ஏழு நாளாவது. கார் என்றால் 28 நாள் பொறுங்கள்.

நாயைக் கட்டிப் போடலாம். எங்கள் வீட்டில் பிரச்சினை கோழி. 1991-ல் அம்மா வீட்டுத் திண்ணைக்குப் புதுப் பூச்சு போட்டு, வெயிலில் காயாமல் இருக்க மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே வைக்கோலைப் பரப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். வைக்கோலில் நாலு நெல் இருந்திருக்கிறது. சாயங்காலம் வந்து வைக்கோலை விலக்கினால், சிவப்பில் முழுக்க மூன்று விரல் தடம், நிலைப்படி வரைக்கும். நீங்கள் வைக்கோல் போடாதீர்கள். சணல் சாக்கை நனைத்து விரியுங்கள், ஓரத்துக்குச் செங்கல் வையுங்கள்.